பெற்றோரின் விசுவாசம், பிள்ளையின் உயிர்: சட்டம் எந்த இடத்தில் குறுக்கிடுகிறது?

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியில் திருநீறு பூசுகிறோம். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறோம். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வருகிறோம். அதே கையோடு மருத்துவரிடமும் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த வீடுகளைப் பற்றியது அல்ல. வேண்டுதலும் மருந்தும் ஒன்றாகப் போகும் இடத்தில் குழந்தைக்குக் கேடு எதுவும் இல்லை. மனம் தளர்ந்து நிற்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் பிரார்த்தனை தரும் பலத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இங்கே பேசப்போவது வேறு: மருந்தே வேண்டாம், ஜெபம் ஒன்றே போதும் என்று பெற்றோர் முடிவெடுத்து, குணப்படுத்தக்கூடிய நோயால் குழந்தை இறந்துபோகும் நிலைமை. அப்படி முடிவெடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா, அரசு எப்போது உள்ளே வரலாம், வந்தபோது என்ன நடந்தது என்பதையெல்லாம் இதைப் புதிதாகக் கேள்விப்படுபவருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும். மருந்தை மறுப்பதையே கொள்கையாக வகுத்துக்கொண்ட சபைகள் அங்கே இருக்கின்றன. அவர்களுக்கு இடம்கொடுத்து எழுதப்பட்ட சட்டங்கள் இருக்கின்றன. நடந்தவை நீதிமன்றப் பதிவுகளில் விரிவாக எழுதப்பட்டும் இருக்கின்றன.

நம்பிக்கை என்ன சொல்கிறது

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஓர் அறிவுரை உண்டு. ஒருவன் வியாதிப்பட்டால் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்கிறது அந்தப் பகுதி. கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இதை வாசித்துவிட்டு மருத்துவமனைகளையும் கட்டினார்கள். ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. அந்த அம்மையாருக்கு ஜெபமும் அறுவைச் சிகிச்சைக் கத்தியும் ஒன்றுக்கொன்று பகையாகத் தெரியவில்லை.

சில சிறு சபைகள் மட்டும் இதே வசனத்தை மருத்துவருக்கு மாற்று என்று படிக்கின்றன. தெய்வீக சுகத்தை நம்புகிறவன் மாத்திரையை எடுத்தால், கடவுள் குணமாக்குவார் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருக்கிறது என்று பொருள். சந்தேகம் வந்தால் ஜெபம் பலிக்காது. இந்தத் தர்க்கத்தின் கொடுமையைக் கவனியுங்கள். குழந்தை தேறினால் விசுவாசம் வென்றது. தேறாவிட்டால் விசுவாசம் போதவில்லை, இன்னும் ஊன்றி ஜெபிக்க வேண்டும். நோய் முற்ற முற்ற மருத்துவரிடம் போகும் வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது. மோசமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு சோதனையாகவே அவர்களுக்குத் தெரிகிறது.

ஆரகன் மாநிலத்தில் ஃபாலோயர்ஸ் ஆஃப் கிறைஸ்ட், ஃபிலடெல்பியாவில் ஃபெய்த் டாபர்னக்கிள், இந்தியானாவில் ஃபெய்த் அசெம்ப்ளி ஆகியவை இந்த வகையில் அடிக்கடி பேசப்பட்ட சபைகள். மேரி பேக்கர் எடி 1879-இல் நிறுவிய கிறிஸ்டியன் சயன்ஸ் திருச்சபை சற்று வேறு வகை. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தச் சபையின் போதனைப்படி நோய் என்பது உண்மையில் இல்லாதது, மனத்தின் பிழையான எண்ணம்; ஜெபத்தால் அந்த எண்ணத்தைத் திருத்தினால் உடல் சரியாகும். அதற்காகக் கட்டணம் பெற்று ஜெபிக்கும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். படித்த, வசதியான, செல்வாக்குள்ள உறுப்பினர்கள் பலர் இந்தத் திருச்சபையில் இருந்தார்கள். சட்டங்கள் எப்படி வளைந்தன என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

ஒரு சிறுமி, ஒரு நோய்

2008 மார்ச் மாதம், விஸ்கான்சின் மாநிலத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி ஈஸ்டர் ஞாயிறன்று இறந்தாள். அவளுக்கு இருந்தது முதல் வகை நீரிழிவு. யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் யாரும் மருத்துவரிடம் காட்டவில்லை. கடைசி நாட்களில் அவளால் நடக்க முடியவில்லை, பேச முடியவில்லை. பெற்றோர் பக்கத்திலேயே இருந்து ஜெபித்தார்கள். நண்பர்களையும் அழைத்து ஜெபிக்கச் சொன்னார்கள். உடலில் நீர் வற்றாமல் இருக்க, கடையில் கிடைக்கும் உப்புக் கரைசலையாவது கொடுக்கும்படி உறவுக்குள் மூத்தவர் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் கடவுளின் மகிமையை எடுத்துக்கொண்டதாகும் என்று தாய் மறுத்ததாக நீதிமன்றப் பதிவு சொல்கிறது. தொலைவில் கலிஃபோர்னியாவில் இருந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில் காவல் துறையை அழைத்து, போய்ப் பார்க்கும்படி கேட்டார். அந்த அழைப்பு அவளைக் காப்பாற்றப் போதவில்லை.

இந்த நோய் உடலுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அந்த மரணம் எவ்வளவு தேவையற்றது என்று புரியும். முதல் வகை நீரிழிவில், இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் உள்ள சர்க்கரை செல்லுக்குள் நுழைய முடியாது. சாப்பிட்டும் உடல் பட்டினி கிடக்கிறது. கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதில் உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. பிள்ளைக்கு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வேகமான எடை இழப்பு; பிறகு வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம், மரணம். இதை நிறுத்த வேண்டியது இன்சுலினும் நரம்பு வழியாக ஏற்றும் நீரும்தான்.

1922 ஜனவரியில் டொராண்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முந்தைய காலத்தில் இந்த நோய் கண்ட குழந்தையின் பெற்றோருக்கு ஜெபத்தைத் தவிர வேறு பற்றுக்கோடு இருக்கவில்லை. மருத்துவரும் அவர்களோடு சேர்ந்து கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றார். 1922-க்குப் பிறகு நிலைமை அதுவல்ல. ஜெபத்தை மட்டும் நம்பி இருப்பது முந்தைய காலத்தில் வேறு வழியின்மை. இப்போது அது ஒரு தேர்வு. அந்தத் தேர்வைச் செய்வது ஒருவர், அதனால் சாவது இன்னொருவர்.

ஜெபம் பலித்ததுபோல் ஏன் தோன்றுகிறது?

இந்தப் பெற்றோரை முட்டாள்கள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் நம்புகிறார்கள். சளி, சாதாரணக் காய்ச்சல், பெரும்பாலான வயிற்றுப்போக்கு ஆகியவை தாமாகவே சரியாகும். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் ஊன்றி ஜெபிப்பார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். பத்துப் பிள்ளைகளைப் பெற்று, ஐம்பது காய்ச்சல்களை ஜெபத்தால் கடந்த ஒரு தாயிடம் ஐம்பது சாட்சிகள் இருக்கின்றன. ஐம்பத்தொன்றாவது மூளைக்காய்ச்சலாக இருந்தால் அது வித்தியாசமானது என்று அவளுக்கு யார் சொல்வது?

நமக்கும் இது புரியாத விஷயம் அல்ல. சின்னம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, ஆத்தா வந்திருக்கிறாள் என்று மருந்தை நிறுத்திவைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. மஞ்சள் காமாலைக்கு மந்திரித்துக்கொள்வதும் அப்படியே. சின்னம்மையும், அசுத்த நீரால் பரவும் காமாலையும் ஆரோக்கியமான பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாமாகவே இறங்கிவிடுகின்றன. புண்ணியம் மட்டும் மந்திரித்தவருக்குப் போகிறது. அதே நம்பிக்கை மணல்வாரி என்னும் தட்டம்மையிடம் பலிக்காது. அது நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடியது.

தட்டம்மை என்ன செய்யும் என்பதை ஃபிலடெல்பியா 1991-இல் பார்த்தது. தடுப்பூசி வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அந்த நகரில் பரவிய கொள்ளைநோயில் 1,400-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஒன்பது குழந்தைகள் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் தடுப்பூசியையும் மருத்துவத்தையும் மறுத்த இரண்டு சபைகளின் பிள்ளைகள். கடைசியில் நகர நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போய், அந்த வீடுகளின் குழந்தைகளைப் பரிசோதிக்கவும், பெற்றோர் மறுத்தாலும் சிலருக்குத் தடுப்பூசி போடவும் உத்தரவு வாங்கியது.

எத்தனை பிள்ளைகள் இப்படி இறந்திருப்பார்கள் என்ற கேள்விக்கு ஓரளவு விடை தந்தது 1998-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு. குழந்தை மருத்துவர் சேத் ஆஸரும் ரீட்டா ஸ்வானும் சேர்ந்து 1975 முதல் 1995 வரை அமெரிக்காவில் மதக் காரணத்தால் சிகிச்சை மறுக்கப்பட்டு இறந்த 172 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் 140 பேருக்கு இருந்த நோய்கள், சிகிச்சை பெற்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைக்கக்கூடியவை. இன்னும் 18 பேருக்குப் பிழைக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். மீதியிருந்தவர்களிலும் மூவரைத் தவிர எல்லோருக்கும் சிகிச்சையால் ஏதேனும் பயன் கிடைத்திருக்கும். இவை தெரியவந்த மரணங்கள் மட்டுமே. வீட்டில் பிறந்து, வீட்டில் இறந்து, சபையின் சொந்தக் கல்லறையில் புதைக்கப்பட்ட குழந்தையைப் பற்றி வெளியுலகுக்கு எப்படித் தெரியும்?

தாய்மாரும் தப்பவில்லை. பிரசவத்துக்கு மருத்துவ உதவியை மறுத்த இந்தியானா சபையைப் பற்றி 1984-இல் வெளியான ஆய்வு, அங்கே பிறப்பையொட்டிய சிசு மரணம் மாநிலத்தின் பொது அளவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்றும், பேறுகால மரணம் கிட்டத்தட்ட நூறு மடங்கு என்றும் கண்டது. அதே வறுமையற்ற, சத்துள்ள உணவு உண்ணும் அமெரிக்கப் பெண்கள்தான் அவர்களும். மருத்துவரும் செவிலியரும் இல்லாததே முக்கிய வேறுபாடு.

ரீட்டா ஸ்வானின் கதை

அந்த ஆய்வை எழுதிய ரீட்டா ஸ்வான் வெளியிலிருந்து குறை சொன்னவர் அல்லர். அவரும் கணவரும் கிறிஸ்டியன் சயன்ஸ் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவர்கள். 1977-இல் டெட்ராய்ட்டில் அவர்களுடைய ஒன்றேகால் வயது மகனுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. ஜெபிப்பவர்களை அமர்த்தினார்கள். குழந்தையின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. எலும்பு முறிவுக்கு மருத்துவரிடம் போகலாம் என்று அந்தச் சபையில் விலக்கு உண்டு. ஒருவேளை எலும்பு முறிந்திருக்குமோ என்று ஜெபிப்பவர் சொன்ன பிறகுதான் அந்தத் தம்பதி மருத்துவமனைக்குப் போகத் துணிந்தார்கள். குழந்தைக்கு இருந்தது பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல். நோய் அதற்குள் முற்றிவிட்டிருந்தது. பிள்ளை பிழைக்கவில்லை.

அவர்கள் சபையைவிட்டு வெளியேறினார்கள். மத நம்பிக்கையால் பிள்ளைக்கு மருத்துவத்தை மறுக்கும் பெற்றோரைக் குற்றத்திலிருந்து விலக்கும் சட்டப் பிரிவுகள் பல மாநிலங்களில் இருந்தன; 1983-இல் அந்தச் சட்டவிலக்குகளை நீக்கப் போராடும் அமைப்பு ஒன்றைத் தொடங்கி, பல பத்தாண்டுகள் மாநிலம் மாநிலமாகச் சென்று சட்டமன்றக் குழுக்கள் முன் சாட்சியம் சொன்னார்கள். இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது, மருத்துவமனைக்குப் போக அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் ஓர் அனுமதி தேவைப்பட்டது என்பதையே. மகன்மீது அன்பு குறைவாக இருந்ததால் அல்ல. தன் சமூகம் முழுவதும் ஒரு பக்கம் நிற்கும்போது எதிர்ப்பக்கம் தனியாக நடப்பது அவ்வளவு கடினம். அந்த அனுமதியை, ஏன் கட்டளையை, சட்டம் தந்திருந்தால்?

சட்டம் தெளிவாக இருந்ததும் குழம்பியதும்

இங்கிலாந்து இந்தக் கேள்வியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டது. எஸ்ஸெக்ஸ் பகுதியில் பெக்யூலியர் பீப்பிள் என்ற சபை மருத்துவரை மறுத்துவந்தது. நிமோனியாவில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தம்பதியை 1868-இல் ஜூரி விடுவித்தது; மனப்பூர்வமாக நம்பிச் செய்தார்கள், அதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது என்பது காரணம். அதே ஆண்டு நாடாளுமன்றம் ஏழைகள் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைக்கு உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவ உதவியையும் வேண்டுமென்றே தராமலிருப்பது குற்றம் என்று எழுதிவிட்டது. 1898-இல் அதே சபையைச் சேர்ந்த ஒரு தந்தையின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் மற்ற எல்லாவகையிலும் நல்ல தகப்பன் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தெரிந்தே செய்தார், அது போதும் என்றது. காலப்போக்கில் அந்தச் சபைக்குள்ளேயே மருத்துவரை ஏற்கலாமா என்ற வாதம் எழுந்து, சபை பிளந்து, பிறகு மருத்துவத்தை ஏற்றுக்கொண்டது. விசுவாசம் அழிந்துபோகவில்லை, விசுவாசிகள் மாறினார்கள்.

அமெரிக்காவிலும் உச்ச நீதிமன்றம் 1944-இல் தெளிவாகத்தான் பேசியது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் தம் பொறுப்பில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமியைத் தெருவில் மத இதழ்களை விற்கச் செய்த வழக்கு அது. மருத்துவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் வந்த ஒரு கருத்து இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது: பெற்றோர் தாங்கள் வேண்டுமானால் விசுவாசத்துக்காக உயிர்த்தியாகம் செய்யலாம், பிள்ளைகள் தாமே முடிவெடுக்கும் வயதை அடையும் முன்பு அவர்களைத் தியாகிகளாக்கப் பெற்றோருக்கு உரிமை இல்லை.

பிறகு எப்படிக் குழம்பியது? 1967-இல் மாசச்சூசெட்ஸில் கிறிஸ்டியன் சயன்ஸ் தாய் ஒருவர், நிமோனியாவால் மகள் இறந்த வழக்கில் தண்டிக்கப்பட்டார். திருச்சபை விழித்துக்கொண்டு சட்டவிலக்குக்காக முயன்றது. 1971-இல் அந்த மாநிலத்தில் விலக்கு கிடைத்தது. 1974-இல் மத்திய அரசு குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்க ஒரு சட்டம் இயற்றி, மாநிலங்களுக்கு நிதியும் ஒதுக்கியது. அந்தச் சட்டத்தின்கீழ் வந்த விதிமுறையில், நிதி வேண்டுமானால் ஆன்மிகச் சிகிச்சையை நம்பும் பெற்றோரைப் புறக்கணிப்புக் குற்றத்திலிருந்து விலக்கும் பிரிவை மாநிலங்கள் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை புகுந்தது. அன்றைய அதிபர் நிக்சனின் நெருங்கிய உதவியாளர்களாக இருந்த ஹால்டமனும் எர்லிக்மனும் கிறிஸ்டியன் சயன்ஸ் பின்னணியிலிருந்து வந்தவர்கள். குழந்தைகளைக் காக்க வந்த பணமே குழந்தைகளின் காப்பை அறுத்தது. 1983-இல் நிபந்தனை கைவிடப்பட்டது. ஆனால் மாநிலங்களின் சட்டப் புத்தகங்களில் எழுதப்பட்டவை அப்படியே கிடந்தன.

இந்த விலக்குகளின் தீங்கை ஒரு சிக்கல் தெளிவாகக் காட்டும். பல மாநிலங்களில் விலக்கு, குழந்தைப் புறக்கணிப்புச் சட்டத்தில் மட்டும் இருந்தது; மரணம் விளைவித்தல் பற்றிய சட்டத்தில் இல்லை. அதாவது பிள்ளை நோயில் துடிக்கும்போது ஜெபித்துக்கொண்டிருக்கலாம், சட்டம் வராது. பிள்ளை இறந்துவிட்டால் வழக்கு வரும். எந்த நிமிடத்தில் அனுமதி முடிந்து குற்றம் தொடங்குகிறது என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை.

1986-இல் பாஸ்டனில் குடல் அடைப்பால் இரண்டரை வயதுச் சிறுவன் ஐந்து நாட்கள் துன்பப்பட்டு இறந்தான். பெற்றோர் 1990-இல் தண்டிக்கப்பட்டார்கள். 1993-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. விலக்கு அவர்களைக் காக்காது என்றே நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் மாநிலத் தலைமை வழக்கறிஞர் முன்பு தந்த கருத்தைப் படித்து, தங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அவர்கள் நியாயமாக நம்பியிருக்கலாம், அந்த வாதத்தை ஜூரி முன் வைக்க வாய்ப்பு கிடைக்கவில்லை என்பது காரணம். அதே ஆண்டு மாசச்சூசெட்ஸ் விலக்கை நீக்கியது. விஸ்கான்சின் சிறுமியின் வழக்கிலும் பெற்றோர் இதே வாதத்தைத்தான் எழுப்பினார்கள். 2013-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டனையை உறுதிசெய்தது. இருவருக்கும் பத்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் சிறை.

ஆரகனில் நடந்ததே எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. 1998-இல் 'தி ஆரகோனியன்' செய்தித்தாள், ஃபாலோயர்ஸ் ஆஃப் கிறைஸ்ட் சபையின் கல்லறைத் தோட்டத்தில் 1955 முதல் புதைக்கப்பட்ட 78 சிறார்களின் மரணங்களை ஆராய்ந்து, குறைந்தது 21 பேரையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதியது. மறு ஆண்டே சட்டமன்றம் சில விலக்குகளை நீக்கியது. 2008-இலும் 2009-இலும் மேலும் குழந்தைகள் இறந்து வழக்குகள் நடந்த பிறகு, 2011-இல் எஞ்சியிருந்த விலக்குகளும் போயின. அதே ஆண்டு, குறைமாதத்தில் பிறந்து இறந்த சிசு ஒன்றின் பெற்றோருக்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேல் சிறை விதிக்கப்பட்டது. எல்லையைத் தாண்டினால் ஐடஹோ. அங்கும் இதே பெயருள்ள சபையினர் வாழ்கிறார்கள். 1972 முதல் உள்ள விலக்கை நீக்கக் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் தோற்றன.

மதச் சுதந்திரம் என்ற வாதம்

விலக்குகளை ஆதரிப்பவர்கள் சொல்வதில் வலுவான ஒரு வாதம் உண்டு. மருத்துவமனையிலும் குழந்தைகள் இறக்கிறார்கள், அதற்காக மருத்துவரை நம்பிய பெற்றோரை யாரும் சிறையில் போடுவதில்லை. எங்களை மட்டும் ஏன்? மருத்துவரிடம் போன பெற்றோர், கிடைக்கக்கூடிய உதவிகளில் பலன் நிரூபிக்கப்பட்டதைத் தேடினார்கள். பலன் தந்ததா என்பது வேறு கேள்வி. இன்சுலின் வேலை செய்கிறது என்பது ஒரு மதத்தின் நம்பிக்கை அல்ல. எந்த மதத்துக் குழந்தையின் இரத்தத்திலும் அது ஒரே விதமாகச் சர்க்கரையைக் குறைக்கும்.

பிள்ளையை இழந்த பெற்றோரைச் சிறைக்கு அனுப்பி என்ன பயன் என்ற கேள்வி எனக்கு இதைவிடக் கனமானது. ஃபிலடெல்பியாவில் ஒரு தம்பதி 2009-இல் இரண்டு வயதுக் குழந்தையை நிமோனியாவுக்குப் பறிகொடுத்தார்கள். சிறை இல்லை, மற்ற பிள்ளைகளுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பத்தாண்டுக் கண்காணிப்பு. 2013-இல் எட்டு மாதக் கைக்குழந்தையையும் அதே நோய்க்கு, அதே ஜெபத்தின் நடுவே இழந்தார்கள். இந்த முறை சிறை. கருணை காட்டப்பட்டது பெற்றோருக்கு; அதனால் பாதிக்கப்பட்டது அந்தக் கைக்குழந்தை. ஆனாலும் தண்டனை இந்தச் சட்டங்களின் முக்கிய வேலை அல்ல என்றே நினைக்கிறேன். விலக்கு இல்லாத இடத்தில் ஆசிரியரோ அண்டை வீட்டாரோ தயங்காமல் புகார் சொல்லலாம். சமூகப் பணியாளர் கதவைத் தட்டலாம். நீதிபதி நள்ளிரவிலும் சிகிச்சைக்கு உத்தரவிடலாம். பிள்ளை உயிரோடு இருக்கும்போதே இவை நடக்க வேண்டும்.

யெகோவாவின் சாட்சிகள் இதில் தனி வகை. அவர்கள் மருத்துவத்தை மறுப்பவர்கள் அல்லர், இரத்தம் ஏற்றுவதை மட்டுமே மறுப்பவர்கள். மருத்துவமனையிலேயே இருப்பதால் நீதிமன்ற உத்தரவு உடனே கிடைத்து, பெரும்பாலும் குழந்தைகள் காப்பாற்றப்படுகிறார்கள். 1990-இல் இங்கிலாந்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட பதினைந்து வயதுச் சிறுவன் தானே இரத்தம் வேண்டாம் என்றான். நீதிமன்றம் ஏற்றச் சொன்னது. பதினெட்டு வயது நிரம்பியதும் அவன் மீண்டும் மறுத்து, இறந்துபோனான். அந்த முடிவு எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆனாலும் அது அவனுடைய முடிவு. நீதிமன்றம் அவனுக்கு வாங்கித் தந்தது, அந்த முடிவைத் தானே எடுக்கும் வயதுவரை வாழ்வதற்கான காலம்.

நம் வீட்டருகே நடந்தால்

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ள குழந்தைக்குத் தேவையற்ற துன்பம் நேரும்படி வேண்டுமென்றே புறக்கணிப்பதைக் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டுகள் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஜெபத்துக்கோ மந்திரிப்புக்கோ அந்தப் பிரிவில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவி மையத்தை அழைக்கலாம்.

சட்டத்துக்கு முன்பே செய்யக்கூடியது, பேசுவது. ஆபத்தில் உள்ள குழந்தையின் வீட்டில் கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தைத் தொடங்காதீர்கள். அந்த வாதத்தில் நீங்கள் வென்றாலும் குழந்தைக்கு நேரம் போய்விடும். போகும் வழியில் ஜெபிக்கலாம், மூப்பரும் வண்டியில் வரட்டும், பூசாரியும் வரட்டும் என்று சொல்லிப் பாருங்கள். விட்டுக்கொடுக்க மனம் வராத பெற்றோருக்கு, என் பொறுப்பில் நான் தூக்கிப்போகிறேன் என்று மூத்தவர் ஒருவர் முன்வருவது சில சமயம் போதும்; ரீட்டா ஸ்வான் போன்றோர் காத்திருந்த அனுமதி அதுதான்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் உள்ள சிசு நிமிடத்துக்கு ஐம்பது முறையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை நாற்பது முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், அல்லது மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், அது நிமோனியாவாக இருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, எழுப்பினாலும் எழாத உறக்கம் இருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். தாகமும் சிறுநீரும் கூடி, எடை குறைந்து, படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை மறுபடி நனைத்தால், அன்றே இரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு இரத்தத்தில் அதைப் பார்த்துவிடுவார்கள். பால் குடிக்க மறுக்கும், குடித்ததெல்லாம் வாந்தியெடுக்கும் கைக்குழந்தைக்கு விடியும்வரை காத்திருப்பது கூடாது. 108-ஐ அழையுங்கள்.